இடாப்பு இல்லாத பாடகர் குழாம்

கேள்வி:

நான் புதுக்குடியிருப்புக்கு அப்பால் ஒரு கரையோரக் கிராமத்தில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் கோவிலில் பாடகர் குழாம் ஒன்றைத் தொடங்கும்படி பங்குத்தந்தை என்னிடம் கேட்டிருக்கிறார். எனக்குப் பாட வரும், ஆனால் சங்கீதம் படித்ததில்லை. ஊரில் அநேகருக்கு அன்றாடக் கூலியும் கடல்தொழிலும்தான். தனியாகப் பிள்ளைகளை வளர்க்கும் பெண்கள் நிறையப் பேர். முதல் பயிற்சிக்கு 14 பேர் வந்தார்கள், மூன்றாவது கிழமை 4 பேர். "வயிறு காயுது, பாட்டு எதுக்கு?" என்று ஒரு அண்ணை நேரே கேட்டுவிட்டார். ஒரு அம்மா பாடிக்கொண்டிருக்கும்போதே எழும்பிப் போய்விட்டார். அவருடைய மகன் 2009இல் காணாமல் ஆக்கப்பட்டவர். கனடாவில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் கீபோர்டும் எல்லாருக்கும் ஒரே மாதிரிச் சேலையும் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். இடாப்பு வைத்து, வராதவர்களுக்குத் தண்டம் போட்டால் ஒழுங்கு வரும் என்கிறார் மூப்பர். பக்கத்து வீட்டுச் சைவப் பிள்ளை ஒன்றும் பாட வரட்டுமா என்று கேட்கிறது. நான் எங்கிருந்து தொடங்குவது?

ஒரு வாசகி, முல்லைத்தீவு மாவட்டம்

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

மூப்பரின் யோசனையை முதலில் எடுக்கிறேன். அதில் பிழைத்தால் மற்ற எதுவும் சரிவராது. இடாப்பும் வேண்டாம், தண்டமும் வேண்டாம். மூப்பர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, ஒரு காரியம் ஒழுங்காக நடக்க வேண்டும் என்ற அக்கறையில் சொல்கிறார். ஆனால் உங்கள் ஊர்ப் பெண்களில் பலர் ஏற்கெனவே ஒரு இடாப்புக்குப் பயந்துகொண்டுதான் இருக்கிறார்கள். நுண்கடன் குழுக் கூட்டம் எப்படி நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கிழமைக்கொரு நாள் ஒரு வீட்டு முற்றத்தில் கூடுவார்கள். பெயர் கூப்பிடுவார்கள். ஒருவர் கட்டாவிட்டால் அவருடைய தவணையையும் மற்றவர்கள் தலையில் கட்டுவார்கள். வராதவரைத் தேடி வீட்டுக்கே ஆள் போகும், பிறகு ஊரே கதைக்கும். அதே பெண் ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குள்ளும் ஒரு கொப்பியில் தன் பெயரையும் அதற்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளடியையும் கண்டால், அடுத்த கிழமை அந்தப் பக்கமே வரமாட்டார்.

14 பேர் 4 பேரானதற்குச் சோம்பல் காரணமாக இருக்காது. வழக்கமாக இப்படித்தான் நடக்கும். ஒரு கிழமை கச்சான் பிடுங்கக் கூப்பிட்டிருப்பார்கள். கூலியை விட முடியாது, பயிற்சியை விட்டுவிடுவார். அடுத்த கிழமை வர மனம் இருக்கும், ஆனால் 'போன கிழமை ஏன் வரேல்லை' என்று எல்லார் முன்னாலும் கேட்பார்களே என்ற கூச்சம் வந்துவிடும். இரண்டு கிழமை தவறினால் மூன்றாவது கிழமை படிக்கிற பாட்டே தெரியாது. அதோடு விட்டுவிடுவார். ஆகவே உங்கள் குழாமுக்கு ஒரேயொரு சட்டம் போதும்: எத்தனை கிழமை விட்டு வந்தாலும் யாரும் காரணம் கேட்கக் கூடாது. "வாங்கோ அக்கா, இதில நில்லுங்கோ." அவ்வளவுதான். இதை முதல் நாளே எல்லாருக்கும் கேட்கச் சொல்லுங்கள், மூப்பருக்கும் சேர்த்து. விட்டுப் போன 10 பேரின் வீட்டுக்கும் நீங்களே ஒருமுறை போய்ச் சொல்லிவிடுங்கள். கூட்டம் போட்டு அறிவித்தால் வரமாட்டார்கள், படலையில் நின்று சொன்னால் வருவார்கள்.

கஷ்டப்படுகிற சனத்திடம் குழாம் போய் இன்னொன்றைக் கேட்கக் கூடாது. அவர்களிடம் நேரம் இல்லை, காசு இல்லை, தொடர்ந்து வருவேன் என்று வாக்குக் கொடுக்கிற நிலைமை இல்லை. இல்லாததை எல்லாம் ஒதுக்கிவிட்டு, இருப்பதை வைத்துக் கட்டுங்கள். இருப்பது நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

அந்த அண்ணையின் கேள்விக்கு வருகிறேன். அவருக்குப் பிரசங்கம் வைக்காதீர்கள். அவர் கேட்டது நியாயம். பாட்டு வயிற்றை நிரப்பாது. குழாமில் சேர்ந்தால் உலருணவு கிடைக்குமோ, வீட்டுத்திட்டத்தில் பெயர் வருமோ என்று சிலர் நினைத்திருக்கவும் கூடும். அதை ஆரம்பத்திலேயே தெளிவாக்கிவிடுங்கள்: குழாம் வேறு, உதவி வேறு. இன்னாருடைய வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று உங்களுக்குத் தெரியவந்தால் பங்குத்தந்தையிடமோ, வின்சென்ட் டி போல் சபையினரிடமோ, மறைமாவட்டக் கரித்தாஸ் பணியாளர்களிடமோ அவரின் சம்மதத்தோடு தனியாகச் சொல்லுங்கள். அவர் பாட வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, அந்த உதவி போக வேண்டும். பாட வருகிறவருக்கு மட்டும் அரிசிப் பை என்று ஒருமுறை பெயர் வந்துவிட்டால், பிறகு வருகிறவர்களை எல்லாரும் அந்தக் கண்ணோடுதான் பார்ப்பார்கள்.

அண்ணையிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். சின்ன வயதில் கரைவலை இழுத்தவரா? இழுத்தவர் என்றால் அம்பாப் பாட்டு அவருக்குத் தெரிந்திருக்கும். ஒருவர் எடுத்துக் கொடுப்பார், கயிற்றில் நிற்கிற மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள், இழுவையும் மூச்சும் ஒரே நேரத்தில் விழும். வயிறு நிறைந்து சும்மா இருந்த நேரத்தில் யாரும் அதைப் பாடவில்லை. வெயிலில், உடம்பு முறிய வேலை செய்தபோதுதான் பாடினார்கள். அரிவு வெட்டும் அப்படித்தான். இப்போது பல கரைகளில் ரக்ரர் வலை இழுக்கிறது, அம்பா குறைந்துபோய்விட்டது. ஆனால் அதைப் பாடிய தொண்டைகள் இன்னும் ஊரில் இருக்கின்றன. சேர்ந்து மூச்செடுத்துச் சேர்ந்து விடுகிற பழக்கம் பாடகர் குழாமுக்கு அடிப்படை. நகரத்தில் மாதக்கணக்காகச் சொல்லிக் கொடுத்தும் வராத அந்தப் பழக்கம், கயிறு பிடித்த கைகளுக்கு ஏற்கெனவே வந்திருக்கும். அந்த அண்ணை உங்களுக்குத் தேவையான ஆள்.

2015இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்றையும் சொல்கிறேன், பங்குச் சபையில் யாராவது கேட்டால் உதவும். முன்பின் தெரியாத ஆட்கள் புதிதாகத் தொடங்கிய வகுப்புகளில் 7 மாதம் படித்தார்கள். சில வகுப்புகளில் பாட்டு, சிலவற்றில் கைப்பணி, சிலவற்றில் எழுத்து. முடிவில் எல்லா வகுப்பிலும் நெருக்கம் வந்திருந்தது. ஆனால் பாடினவர்களுக்கிடையில்தான் அது விரைவாக, ஆரம்பத்திலேயே வந்தது. பல ஊர்களிலிருந்தும் இடம்பெயர்ந்து வந்து, பிறகு மீளக்குடியமர்ந்து, பக்கத்து வளவுக்காரர் யார் என்றே தெரியாமல் இருக்கிற கிராமங்களுக்கு இது சின்ன விடயமில்லை.

சரி, என்ன பாடுவது, எப்படிப் பழக்குவது?

உங்களுக்குச் சங்கீதம் தெரியாதது பெரிய குறையில்லை. எங்கள் கரையோரக் கத்தோலிக்க ஊர்களில் விடிய விடியக் கூத்துப் போட்ட அண்ணாவிமார் யாருக்கும் சுர எழுத்து வாசித்துப் பழக்கவில்லை. அண்ணாவியார் ஒரு அடியைப் படிப்பார், பிற்பாட்டுக்காரர் வாங்குவார்கள், பிழைத்தால் திரும்பப் படிப்பார். நூற்றுக்கணக்கான பாட்டுகள் அப்படி மனத்தில் ஏறின. நீங்களும் அதே வழியில் போங்கள். போட்டோ கொப்பி அடித்துக் கொடுக்க வேண்டாம். யுத்த காலத்தில் பள்ளிக்கூடம் அறுந்துபோனவர்கள் உங்கள் ஊரில் இருப்பார்கள். தாளைக் கையில் கொடுத்ததும் அவர்கள் பின்வரிசைக்குப் போய்விடுவார்கள், ஏனென்று சொல்லவும் மாட்டார்கள். ஒரு அடி நீங்கள், ஒரு அடி அவர்கள். முதலில் சொல்லை மட்டும் தாளத்தோடு சொல்லுங்கள், பிறகு இராகத்தோடு. ஒரு பயிற்சிக்கு ஒரு பல்லவியும் ஒரு சரணமும் போதும்.

முதலில் அவர்களுக்குத் தெரிந்ததைக் கேட்டு வாங்குங்கள். மடுவுக்குப் போகிற வழியில் பாடின மாதா பாட்டுகள் இருக்கும். தவக்காலத்தில் வியாகுலப் பிரசங்கம் வாசிக்கிற இராகம் ஒரு அப்பாவுக்கோ ஆச்சிக்கோ தெரிந்திருக்கும். முகாமில் இருந்தபோது யாரோ ஒரு சிஸ்டர் பழக்கிய பாட்டு இருக்கும். அந்த ஆச்சி பாட நீங்கள் வாங்கிப் பாடுங்கள். குழாமுக்கு ரீச்சர் ஒருவர்தான் என்றில்லை என்று அன்றைக்கே எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

புதிதாகப் பழக்குவதென்றால் திருப்பலியின் நிலையான பகுதிகளை எடுங்கள். 'ஆண்டவரே இரக்கமாயிரும்', 'தூயவர்', 'உலகின் பாவங்களைப் போக்கும்', அதோடு, தவக்காலம் தவிர்ந்த நாட்களுக்கு ஒரு அல்லேலூயா. வருகைப் பாடலும் காணிக்கைப் பாடலும் கிழமைக்குக் கிழமை மாறும், இவை மாறா. ஒருமுறை பழகினால் வருடம் முழுக்க உதவும். 5 கிழமை விட்டு வருகிறவரும் அன்றைக்கே சேர்ந்து பாடலாம். பதிலுரைப் பாடலுக்கு ஒருவர் வசனத்தைப் படிக்க, எல்லாரும் பல்லவியை வாங்கினால் போதும். நான்கு குரல் பிரித்துப் பாடுகிற ஆசையை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். ஒரே குரலில் ஒன்றாய் நின்று பாடுவதே போதுமான வேலை.

4 பேர்தான் இருக்கிறார்கள் என்று மனம் தளர வேண்டாம். 1963இல் வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுச் சட்டம் பாடகர் குழாம்களை ஊக்குவிக்கச் சொல்கிற அதே இடத்தில், மக்களும் பாடலில் பங்குபெற வேண்டும் என்கிறது. 1967 மார்ச்சில் திருவழிபாட்டு இசை பற்றி வந்த அறிவுறுத்தல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. சின்னக் குழாம்கூட அமைக்க முடியாத இடத்தில், நன்றாகப் பழகிய ஒருவர் இருவராவது மக்களுக்குத் தொடங்கிக் கொடுத்து நடத்த வேண்டும் என்கிறது. மக்களை முற்றாக ஒதுக்கிவிட்டு எல்லாவற்றையும் குழாமே பாடிவிடுவதை அது ஏற்கவில்லை. ஒருவர் இருவரே போதும் என்ற இடத்தில் உங்களிடம் 4 பேர் இருக்கிறார்கள். உங்கள் குழாம் நன்றாகப் பாடுகிறதா என்று பார்க்க வேண்டுமென்றால், பின்வாங்கிலில் கைக்குழந்தையோடு நிற்கிற அம்மா வாய் திறந்து பாடுகிறாரா என்று பாருங்கள்.

அவர் வாய் திறக்க வேண்டுமென்றால் சுருதி கீழே இருக்க வேண்டும். இது நான் அதிகம் வற்புறுத்துகிற விடயம், கவனமாகக் கேளுங்கள். போனில் நாம் கேட்கிற பாட்டுகள் பயிற்சி பெற்ற பாடகர்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடியவை. அதே உயரத்தில் சனம் பாடப் போனால் சரணத்தின் உச்சியில் ஆண்கள் எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள், பெண்களுக்குத் தொண்டை இறுகும். வாத்தியம் இல்லாமல் தொடங்கும்போது இன்னொரு சிக்கல்: பதற்றத்தில் எல்லாருமே உயரத்தில்தான் தொடங்குவோம். அதற்கு ஒரு வழி இருக்கிறது. பாட்டில் மிக உயரமாகப் போகிற அடி எது என்று முன்பே தெரிந்து வைத்திருங்கள். தொடங்குவதற்கு முன் அந்த அடியை வாய்க்குள் மெல்ல முணுமுணுத்துப் பாருங்கள். நெற்றி சுருங்காமல், நாடி மேலே தூக்காமல் அது வந்தால் அந்தச் சுருதியிலேயே பல்லவிக்கு இறங்குங்கள். வராவிட்டால் இன்னும் கொஞ்சம் கீழே. அதை ஒரு ஆண் குரலோடும் சரிபாருங்கள். போனில் இலவசமாகக் கிடைக்கிற சுருதிப் பெட்டிச் செயலி ஒன்றை இறக்கி வைத்தால், அந்தப் பாட்டுக்கு எது பொருந்தியது என்று குறித்து வைத்துக்கொள்ளலாம். பாடிக்கொண்டு போகும்போது உயரமாகிவிட்டது என்று தெரிந்தால் வெட்கப்படாமல் பல்லவி முடிந்ததும் நிறுத்தி, கீழே எடுத்துத் திரும்பத் தொடங்குங்கள். கோவிலில் யாரும் கோபிக்கமாட்டார்கள்.

மூச்சுப் பயிற்சி பற்றி இணையத்தில் நிறைய இருக்கிறது. அதை அப்படியே செய்யாதீர்கள். திருப்பலிக்கு வருகிறவர்கள் பலர் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வருவார்கள். சிலர் நற்கருணைக்காக, சிலர் வீட்டில் இல்லாததால். வெறும் வயிற்றோடு ஆழமாக இழுத்து அடக்கி விடச் சொன்னால் தலை சுற்றும். ஷெல் துண்டு இன்னும் உடம்பில் இருக்கிறவர்கள், நெஞ்சில் காயப்பட்டவர்கள், விறகடுப்புப் புகையில் இருமல் பிடித்தவர்கள் இருப்பார்கள். இருந்து பாட விரும்புகிறவர் கதிரையில் இருந்தே பாடட்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் எழும்ப வேண்டும் என்ற கட்டாயமும் வேண்டாம். நீண்ட அடியின் நடுவில் மூச்சு எடுக்கும் இடத்தை நீங்களே குறித்துக் கொடுத்தால் போதும். பயிற்சிக்கு முன் எல்லாருக்கும் பிளேன்ரீயும் ஒரு பணிசும், அல்லது அவித்த கச்சான் ஒரு கை. பங்கின் செலவில் நடக்கட்டும். அன்று கோவில் வளவில் நிற்கிற எல்லாருக்கும் கொடுங்கள், குழாமுக்கு மட்டும் என்று வேண்டாம்.

பயிற்சியை ஞாயிறு திருப்பலி முடிந்த கையோடு, முக்கால் மணித்தியாலத்துக்குள் முடித்துவிடுங்கள். தனியாக ஒரு நாள் வைத்தால் தனியாக ஒரு நடை, தனியாக ஒரு பஸ் காசு. ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு விடியப் பஸ், வீடு திரும்ப இருட்டிவிடும். அவர்களை மாலைப் பயிற்சிக்குக் கூப்பிட முடியாது. காட்டோரக் குடியிருப்புகளில் இருட்டினால் யானைப் பயம், யானை இல்லாத இடத்தில் குடித்துவிட்டு நிற்கிறவர்களின் பயம். பகலில்தான் எல்லாம். வர முடியாதவர்களுக்கு ஒரு நிமிடக் குரல் பதிவை வட்ஸ்அப்பில் அனுப்பலாம். வீடியோ அனுப்பினால் டேட்டா தீர்ந்துவிடும்.

பருவத்தையும் பாருங்கள். உங்கள் கரையில் மாரியில் கடல் கொந்தளிக்கும், தொழில் படுக்கும். அந்த மாதங்களில் ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், நத்தார்ப் பாட்டுக்கு ஆண் குரல் கிடைக்கும். ஆனால் கையில் காசு இல்லாத மாதங்களும் அவைதான். வயலில் காலபோக நெல் நிற்கும், அறுவடை வராது, கடலுக்கும் போக முடியாது. அதனால் கரோல் பாட வீடு வீடாகப் போகும்போது உண்டியல் பெட்டி கொண்டுபோகாதீர்கள். 'பாட மட்டும்தான் வாறம்' என்று முதல் ஞாயிறே கோவிலில் அறிவித்துவிடுங்கள். கொடுக்க இல்லாதவர்கள் விளக்கை நூர்த்துவிட்டு உள்ளே இருக்கிற நிலைமை வரக் கூடாது. இன்னொன்று: உங்கள் கரைக்கு டிசெம்பர் 26 இருக்கிறது. 2004இல் நத்தாருக்கு மறுநாள், ஞாயிறு காலையில்தான் கடல் வந்தது. நத்தார் இரவில் கண்கலங்குகிறவர்கள் எங்கள் ஊர்களில் இருப்பதற்கு அதுவும் காரணம். ஆரவாரமான பாட்டுகளுக்கு நடுவில் மெதுவான தாலாட்டு ஒன்று இருக்கட்டும்.

இனி அந்த அம்மா. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அவர்தான்.

எழும்பிப் போனதை ஒழுங்கீனம் என்று யாரும் சொல்ல விடாதீர்கள். அவர் எந்தப் பாட்டில், எந்த அடியில் எழும்பினார் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். தாய் மடியில் மகன் கிடப்பதைப் பாடுகிற பாட்டாக இருக்கலாம், இறந்தவருக்கான பாட்டாக இருக்கலாம். நவம்பரில் இறந்தோர் நினைவுத் திருப்பலிக்குப் பெயர்கள் சேர்க்கும்போது கவனித்தீர்களானால் தெரியும்: காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் தாய்மார் பலர் அந்தப் பெயரை எழுதிக் கொடுப்பதில்லை. 'நித்திய இளைப்பாற்றி' என்று வாயால் சொல்வது, பிள்ளை இல்லை என்று தானே கையெழுத்துப் போடுவதாகிவிடும் அவர்களுக்கு. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் போராடத் தொடங்கிய தாய்மார் கேட்டதும் அதுதானே, பிள்ளை எங்கே என்று. பதில் வராத கேள்வியோடு இருக்கிற ஒருவரைப் பாட்டால் முடிவுக்குக் கொண்டுவர நாங்கள் முயலக் கூடாது.

செய்யக்கூடியது இதுதான். வீட்டுக்குப் போங்கள். பாட்டைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள், தேத்தண்ணி குடித்துவிட்டுக் கதையுங்கள். எழும்பும்போது, "அம்மா, எந்தப் பாட்டு கஷ்டமாக இருந்தாலும் சொல்லுங்கோ, அந்த இடத்தில நீங்கள் பாட வேண்டாம், வெளியில போனாலும் பரவாயில்லை, பிறகு வாங்கோ" என்று மட்டும் சொல்லுங்கள். குழாமைப் பீடத்துக்கு அருகில் சனத்தைப் பார்த்தபடி நிறுத்தாதீர்கள். பக்கக் கதவோரமாக, சனத்தோடு சனமாக நிறுத்துங்கள். எழும்பிப் போகிறவர் எல்லார் கண்ணிலும் படாமல் போய் வர வேண்டும். யுத்தம் முடிந்த நாளான மே 18 வருகிற கிழமையில் புதுப் பாட்டு எடுக்க வேண்டாம், யாருக்கும் தனிக் குரல் கொடுக்கவும் வேண்டாம். யார் பாட விரும்புகிறார், யார் சும்மா இருக்க விரும்புகிறார் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பயிற்சியில் ஒருவர் அழத் தொடங்கினால் பாட்டைச் சட்டென்று நிறுத்த வேண்டாம். எல்லாரும் திரும்பிப் பார்த்தால் அவருக்கு இன்னும் கஷ்டம். மற்றவர்கள் மெதுவாகப் பாடி முடிக்கட்டும், ஒருவர் மட்டும் பக்கத்தில் போய் இருக்கட்டும். என்ன நடந்தது என்று அந்த இடத்தில் கேட்கவோ, மைக் கொடுத்துச் சாட்சி சொல்லச் சொல்லவோ கூடாது. இதில் நான் கண்டிப்பாகவே இருப்பேன். கதையைச் சொல்லிவிட்டு இரவு தனியாக வீட்டில் கிடப்பவர் அவர்தான். ஒருவர் நாள்கணக்காக நித்திரையில்லாமல், சாப்பிடாமல், சாவைப் பற்றிக் கதைக்கிறார் என்று தெரிந்தால் அதை நீங்கள் தனியாகச் சுமக்கக் கூடாது. மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலவச உதவித் தொலைபேசி இலக்கம் 1926, எந்த நேரமும் எடுக்கலாம். பாட்டு ஆறுதல் தரும். வைத்தியம் தேவைப்படும் இடத்தில் வைத்தியம்தான் வேண்டும்.

கனடா அண்ணையின் அன்பைத் தட்டிக்கழிக்க வேண்டாம், ஆனால் சேலை வேண்டாம் என்று நன்றியோடு சொல்லுங்கள். ஒரே நிறச் சேலை வந்தால் சேலை கிடைத்தவர் குழாம், கிடைக்காதவர் வெளியாள் என்று ஆகிவிடும். பிறகு சேர வருகிறவருக்கு யார் வாங்கிக் கொடுப்பது? அதோடு சேலைக்குப் பின்னால் படம் வரும். கொடுத்தவர் பேஸ்புக்கில் போட ஒரு வீடியோ கேட்பார். தன் முகம் இணையத்தில் போவதை விரும்பாத காரணங்கள் வன்னியில் பலருக்கு உண்டு. புனர்வாழ்வு பெற்று வந்தவர்கள், வழக்கு நடத்துகிறவர்கள், கடன்காரருக்கு முகம் கொடுக்க முடியாதவர்கள் எல்லாம் வாய்விட்டு 'எடுக்காதேங்கோ' என்று சொல்லமாட்டார்கள், வராமல் விட்டுவிடுவார்கள். ஆகவே பயிற்சியில் படம் எடுப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கீபோர்ட் இப்போது வேண்டாம், ஒரு வருடம் போகட்டும். உள்ளேயே தாளம் அடிக்கிற கீபோர்ட் வந்ததும் அதை வாசிக்கத் தெரிந்த ஒரு தம்பியின் கையில் குழாம் போய்விடும். அந்தப் பிள்ளை கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போனால் குழாம் வாய் திறக்காது. 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்ததை நினைத்துப் பாருங்கள். முதலில் வெறும் குரலில் நிற்கப் பழகட்டும். ஊரில் கூத்துக்கு அடித்த மத்தளமும் ஒரு சோடித் தாளமும் எங்காவது இருக்கும், அதைத் தேடி எடுங்கள். கனடா அண்ணை உதவத்தான் வேண்டும் என்றால், ஞாயிறு தேத்தண்ணிச் செலவைப் பங்கின் பெயரில் ஏற்கட்டும், அல்லது மத்தளத்துக்குத் தோல் மாற்றக் கொடுக்கட்டும்.

சைவப் பிள்ளை வரட்டும், தாராளமாக வரட்டும். பயிற்சியிலும் கரோலிலும் ஒரு தடையும் இல்லை. திருப்பலியில் பதிலுரைப் பாடலைத் தனியாகப் பாடுவது போன்ற பொறுப்புகளைப் பற்றிப் பங்குத்தந்தையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கு முன் அந்தப் பிள்ளையின் தாய் தகப்பனிடம் நீங்களே போய்க் கதையுங்கள். பிள்ளையை மதம் மாற்றப் பார்க்கிறார்கள் என்ற சந்தேகம் ஊரில் ஒருமுறை எழும்பினால் அடக்குவது கஷ்டம். 'பாடத்தான் கூப்பிடுறம், வேற ஒண்டுமில்லை' என்று நேரே சொல்லுங்கள், சொன்னபடியே நடவுங்கள்.

வருகிற ஞாயிறு இப்படிச் செய்து பாருங்கள். திருப்பலி முடிந்ததும் தேத்தண்ணி. அந்த 4 பேரும், நிற்க விரும்புகிற வேறு யாரும், கதவோரமாக நில்லுங்கள். எல்லாருக்கும் தெரிந்த மாதா பாட்டு ஒன்றை, தாழ்ந்த சுருதியில், இரண்டு தரம் பாடுங்கள். பிறகு 'ஆண்டவரே இரக்கமாயிரும்' மட்டும், அடி அடியாக, அண்ணாவியார் பழக்குவது போல. கரைவலை அண்ணை வந்திருந்தால் தாளத்தை அவர் கையில் கொடுங்கள். அரை மணித்தியாலத்தில் முடித்துவிடுங்கள், இன்னும் பாடலாம் என்று இருக்கும்போதே. போவதற்கு முன், அடுத்த ஞாயிறு உங்களுக்குப் பதிலாகத் தொடங்கிக் கொடுக்க இன்னொருவரைக் கேட்டு வையுங்கள். உங்களுக்கும் காய்ச்சல் வரும், முன்பள்ளியில் வேலை வரும். நீங்கள் வராத ஞாயிறும் அவர்கள் பாட வேண்டும்.